அமெரிக்கா–ரஷ்யா அணு ஆயுதச் சமநிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகில் இன்று ஒன்பது நாடுகளிடம் அணு ஆயுதம் இருக்கிறது. அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவானதை அமெரிக்காவும் ரஷ்யாவும் மட்டுமே வைத்திருக்கின்றன. இவை இரண்டுக்கும் நடுவே உள்ள சமநிலை எப்படி உருவானது, எப்படிக் கணக்கிடப்பட்டது, இப்போது என்ன ஆகியிருக்கிறது என்பது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

சமநிலை என்றால் இருவரிடமும் ஒரே எண்ணிக்கையில் குண்டு இருப்பதா?

இல்லை. 1967-ல் அமெரிக்காவிடம் 31,000-க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் இருந்தன. அப்போது சோவியத் யூனியனிடம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1986-ல் நிலைமை தலைகீழ்: சோவியத்திடம் சுமார் 40,000, அமெரிக்காவிடம் 23,000 சொச்சம். ஆனால் இரண்டு காலத்திலும் சமநிலை இருந்தது என்றுதான் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

ஏனென்றால் அவர்கள் பார்ப்பது வேறொரு கணக்கு. எதிரி முதலில் அடித்து, நம் ஏவுகணைகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இருப்பதை வைத்து அவன் நாட்டை நாசமாக்க முடியுமா? இரண்டு பக்கமும் இதற்கு "முடியும்" என்று பதில் சொல்லும் வரை யாரும் முதலில் அடிக்கத் துணிய மாட்டார்கள். அதைத்தான் சமநிலை என்கிறோம். அந்த "முடியும்" என்ற பதிலில் ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டால், கையில் எத்தனை ஆயிரம் இருந்தாலும் நிம்மதி போய்விடும். ஆயுதப் போட்டியின் கதை முழுவதும் இந்தச் சந்தேகத்தின் கதைதான்.

இப்போது யாரிடம் எவ்வளவு இருக்கிறது?

2025 தொடக்க மதிப்பீடுகளின்படி ரஷ்யாவிடம் ஏறத்தாழ 5,450. அமெரிக்காவிடம் 5,200-க்குச் சற்றுக் குறைவு. உலகம் முழுவதும் சேர்த்தால் சுமார் 12,200. இவற்றில் ஓய்வு கொடுக்கப்பட்டு, பிரித்துப் போடுவதற்காகக் காத்திருப்பவையும் அடக்கம். ஏவுகணைகளின் மேலும் விமானத் தளங்களிலும் தயாராக இருப்பவை ஒவ்வொரு நாட்டிலும் 1,700 சொச்சம்.

செய்திகளில் 5,000 என்று ஒருநாளும் 1,550 என்று இன்னொரு நாளும் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு. முதலாவது மொத்தக் கையிருப்பு. இரண்டாவது, 2026 பிப்ரவரிவரை இருந்த நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம் அனுமதித்த உச்சவரம்பு. அந்த ஒப்பந்தம் ஒரு குண்டுவீச்சு விமானத்தை ஒரே ஒரு வெடிமுனையாகத்தான் (ஏவுகணையின் நுனியில் இருக்கும் அணுகுண்டு) கணக்கில் எடுத்தது. பி-52 விமானம் ஒன்று 20 ஏவுகணைகள்வரை சுமக்கும் என்பது வேறு விஷயம்!

போட்டி எப்படித் தொடங்கியது?

1945 ஜூலையில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் சோதனை. ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி. சோவியத் யூனியன் 1949 ஆகஸ்ட் 29-ல் கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க்கில் தன் முதல் குண்டை வெடித்தது. 1952 நவம்பரில் அமெரிக்கா பசிபிக் கடலின் எனிவெடாக் தீவில் ஹைட்ரஜன் குண்டுக்குப் போனது. 1955-ல் சோவியத்தும் ஹைட்ரஜன் குண்டுக்கு வந்து சேர்ந்தது. 1961 அக்டோபர் 30-ல் சோவியத்துகள் நோவாயா செம்லியாவின் மேலே வெடித்த குண்டு சுமார் 50 மெகாடன் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் சக்தி). அதற்குப் போரில் எந்த உபயோகமும் கிடையாது. விமானத்தில் ஏற்றுவதே பெரும்பாடு. வெறும் மிரட்டல்தான்.

"ஏவுகணை இடைவெளி" என்று ஒன்று இருந்ததாமே, அது என்ன?

ஏவுகணையில் சோவியத் முந்திவிட்டது, அமெரிக்கா பின்தங்கிவிட்டது என்ற பேச்சு. இல்லாத ஒன்று. 1957 அக்டோபரில் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும் அமெரிக்காவில் பீதி கிளம்பியது. பூமியைச் சுற்றும் பொருளை அனுப்பிய ராக்கெட் நியூயார்க்குக்கும் குண்டை அனுப்பும்தானே? ஏவுகணைகளைத் தொத்திறைச்சி போலத் தயாரித்துத் தள்ளுகிறோம் என்று சோவியத் தலைவர் குருஷேவ் வேறு பெருமை பேசினார். சோவியத்திடம் விரைவில் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்று அமெரிக்க விமானப்படை கணக்குப் போட்டது. 1960 தேர்தலில் கென்னடி இதையே ஒரு முக்கியப் பிரச்சாரமாக எடுத்தார்.

1960 ஆகஸ்டில் கொரோனா என்ற உளவு செயற்கைக்கோள் முதன்முறையாகப் படச்சுருளைத் திருப்பி அனுப்பியது. படங்களைப் பார்க்கப் பார்க்க எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே போனது. 1961 செப்டம்பரில் அமெரிக்க உளவுத்துறை சொன்ன எண் வெறும் 10 முதல் 25 ஏவுதளங்கள். உண்மை அதைவிடவும் குறைவு. இடைவெளி இருந்தது, ஆனால் அது அமெரிக்காவுக்குச் சாதகமாக இருந்தது. அதற்குள் மினிட்மேன் என்ற நெடுந்தூர ஏவுகணைகளை நூற்றுக்கணக்கில் கட்டும் திட்டம் ஓடத் தொடங்கிவிட்டது. அதை யாரும் நிறுத்தவில்லை. குருஷேவின் வாய்ச்சவடால் அவருடைய நாட்டின் மேலேயே வந்து விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சில நூறு குண்டுகளே ஒரு நாட்டை அழிக்கப் போதுமே, ஆயிரக்கணக்கில் எதற்கு?

நியாயமான கேள்வி. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாராவின் அலுவலகமே 1960-களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. ஒரு மெகாடன் குண்டுகள் 400 விழுந்தால் சோவியத் மக்களில் சுமார் 30 சதவீதமும் தொழில் திறனில் நான்கில் மூன்று பங்கும் போய்விடும். அதற்கு மேல் குண்டுகளை இரட்டிப்பாக்கினாலும் அழிவு பெரிதாகக் கூடாது, ஏனென்றால் பெரிய நகரங்கள் எல்லாம் ஏற்கெனவே போயிருக்கும்.

அப்படியும் ஆயிரக்கணக்கில் ஏன் குவிந்தது? முதல் காரணம், முதலடியில் எத்தனை தப்பும் என்பதைக் கணிக்க முடியாததால் கூடுதலாக வைத்துக்கொண்டது. இரண்டாவது, விமானப்படைக்கு ஒரு பங்கு, கடற்படைக்கு ஒரு பங்கு, தரைப்படைக்கு ஒரு பங்கு என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டு வாங்கியது. மூன்றாவது காரணம் இலக்குப் பட்டியல். குண்டு பெருகினால் இலக்கு பெருகும். இலக்கு பெருகினால் இன்னும் குண்டு வேண்டும். 1960-ல் தயாரான அமெரிக்காவின் முதல் ஒருங்கிணைந்த போர்த் திட்டம், போர் தொடங்கினால் சீனாவையும் சேர்த்து அடிக்கச் சொன்னது. அந்தச் சண்டையில் சீனா இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வியில்லை. மரைன் படைத் தலைவர் டேவிட் ஷூப் மட்டும் எழுந்து, சம்பந்தமே இல்லாத கோடிக்கணக்கான சீனர்களைக் கொல்வது நல்ல திட்டமாகாது என்று சொன்னார். திட்டம் ஒப்புதலாகிவிட்டது.

நிலம், கடல், வானம் என்று மூன்று இடத்திலும் வைப்பது ஏன்?

ஒன்று போனாலும் மற்றது இருக்கட்டும் என்றுதான். நிலத்தடிக் குழியில் இருக்கும் ஏவுகணை துல்லியமானது, சுமார் 30 நிமிடத்தில் அடுத்த கண்டத்தை அடையும். ஆனால் அது இருக்கும் இடம் எதிரிக்குத் தெரியும். விமானத்தைப் பாதி வழியில் திருப்பி அழைக்கலாம், தளத்திலேயே அழியவும் வாய்ப்பு உண்டு. நீர்மூழ்கிக் கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது மிகக் கடினம். திருப்பி அடிக்கும் சக்திக்கு உண்மையான காப்பீடு அதுதான். அமெரிக்காவிடம் இப்போது ஒஹையோ வகைக் கப்பல்கள் 14 இந்த வேலையில் இருக்கின்றன.

கியூபா நெருக்கடியில் அமெரிக்காதானே பலசாலி? பிறகு ஏன் தயங்கியது?

1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரியவந்தபோது, அமெரிக்காவிடம் 25,000-க்கு மேல், சோவியத்திடம் 3,000 சொச்சம். எட்டுக்கு ஒன்று. எண்ணிக்கைதான் எல்லாம் என்றால் கென்னடி கவலையே பட்டிருக்கக் கூடாது. ஆனால் கியூபாவில் இருக்கும் சில ஏவுகணைகள் தப்பித்து, ஒன்றிரண்டு அமெரிக்க நகரங்கள் போனால் என்ன செய்வது என்ற கேள்விதான் அவரைக் கட்டிப்போட்டது. தளபதிகள் வான்தாக்குதலுக்கு நெருக்கினார்கள். கென்னடி கடல் முற்றுகையோடு நிறுத்தி, துருக்கியில் இருந்த ஜூபிடர் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக ரகசியமாக ஒப்புக்கொண்டு பேசி முடித்தார்.

அந்த 13 நாட்களில் மிக ஆபத்தான நேரம் அக்டோபர் 27. பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை வெளியே வரவைக்க அமெரிக்கக் கப்பல்கள் சிறு வெடிகளைப் போட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கப்பலில் அணுமுனை பொருத்திய டார்பிடோ ஒன்று இருந்தது அமெரிக்கர்களுக்குத் தெரியாது. உள்ளே வெப்பம், மூச்சுத்திணறல். மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. கப்பல் தலைவர் டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். உடன் இருந்த வசீலி அர்கிபோவ் என்ற அதிகாரி அவரைச் சமாதானப்படுத்தி, கப்பலை மேலே கொண்டுவர வைத்தார்.

அடுத்த வருடம் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே நேரடித் தொடர்பு வந்தது. சினிமாவில் காட்டும் சிவப்புத் தொலைபேசி இல்லை, டெலிபிரிண்டர். வாய்ப்பேச்சில் அவசரமும் தவறான புரிதலும் வரும் என்று இரு தரப்பும் எழுத்தையே விரும்பின.

தமிழ்நாட்டிலிருந்து யாராவது இதில் தலையிட்டதுண்டா?

உண்டு. ராஜாஜி. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லிப் பல வருடம் எழுதியும் பேசியும் வந்த அவர், 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் போய் கென்னடியைச் சந்தித்தார். அதன் பிறகு மூன்று வாரத்துக்குள் கியூபா நெருக்கடி வெடித்தது. 1963 ஆகஸ்டில் காற்றிலும் நீரிலும் விண்வெளியிலும் சோதனையைத் தடை செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு ராஜாஜி காரணம் என்று சொன்னால் மிகை. ஆனால் பூமிக்கு அடியில் சோதனை தொடரலாம் என்று அந்த ஒப்பந்தம் விட்டுவைத்த ஓட்டை வழியாக இரு நாடுகளும் இன்னும் பல நூறு குண்டுகளை வெடித்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏவுகணையைத் தடுத்து நிறுத்தும் கேடயம் நல்லதுதானே? அதை ஏன் தடை செய்தார்கள்?

1967 ஜூனில் நியூஜெர்சியின் கிளாஸ்பரோ என்ற சிற்றூரில் சோவியத் பிரதமர் கொசிகினிடம் கேடயம் ஏன் ஆபத்து என்று மெக்நமாரா புரியவைக்கப் பார்த்தார். கொசிகினுக்குக் கோபம் வந்தது. தற்காப்பு தர்மம், தாக்குதல்தான் அதர்மம் என்றார் அவர். கேட்பதற்கு அவர் சொன்னதுதான் சரி என்று தோன்றும்.

மெக்நமாராவின் வாதம் இது: நூறு ஏவுகணைகளையும் தடுக்கும் கேடயம் யாராலும் கட்ட முடியாது. ஆனால் நாம் முதலில் அடித்து எதிரியிடம் பத்தே மிஞ்சியிருந்தால், அந்தப் பத்தைச் சுமாரான கேடயம்கூடத் தடுத்துவிடலாம். ஆகவே என் கேடயம் உன் கண்ணுக்கு முதலடிக்கான தயாரிப்பாகவே தெரியும். நீ இன்னும் ஏவுகணைகளைக் கூட்டுவாய். சோவியத் தரப்பும் சில வருடத்தில் இந்தக் கணக்குக்கு வந்துசேர்ந்தது. 1972 மே 26-ல் அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் மாஸ்கோவில் கேடயத்துக்கு வரம்பு போடும் ஏ.பி.எம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கேடயம் ஆளுக்கு இரண்டு இடத்தில் மட்டும், பிறகு 1974-ல் ஒரே இடம். மாஸ்கோவைச் சுற்றி சோவியத் கட்டியது. வடக்கு டகோட்டாவில் அமெரிக்கா கட்டியதைத் திறந்த சில மாதங்களிலேயே மூடிவிட்டது.

2002-ல் அமெரிக்கா இந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. ஈரான், வட கொரியாவுக்காகத்தான் கேடயம் என்றது. 2018 மார்ச்சில் புதின் சர்மாட், அவன்கார்ட், போசைடன் என்று வரிசையாகப் புதிய ஆயுதங்களைக் காட்டியபோது சொன்ன முதல் நியாயம் அந்த வெளியேற்றம்தான். அது சாக்கா, உண்மையான பயமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். என் பார்வையில் இரண்டும் கலந்தது.

ஒப்பந்தங்களில் எதை எண்ணினார்கள்?

எது எண்ணுவதற்குச் சுலபமோ அதை. ஏ.பி.எம். கையெழுத்தான அதே நாளில் வந்த, நெடுந்தூர ஆயுதங்களுக்கு வரம்பு போடும் சால்ட் இடைக்கால ஒப்பந்தம் ஏவுகணைக் குழிகளையும் நீர்மூழ்கியின் குழாய்களையும் மட்டுமே கணக்கில் எடுத்தது, ஏனென்றால் செயற்கைக்கோளில் தெரிவது அவைதான். சோவியத்துக்கு 1,618 நிலத்தடி ஏவுகணைகள், அமெரிக்காவுக்கு 1,054. தோற்றுவிட்டோம் என்று அமெரிக்க செனட்டில் கூச்சல். ஆனால் விமானங்கள் கணக்கில் இல்லை. அதில் அமெரிக்கா வெகுதூரம் முன்னால். வெடிமுனைகளும் கணக்கில் இல்லை. அங்கே அமெரிக்காவிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

காரணம் எம்.ஐ.ஆர்.வி. நுட்பம். ஒரே ஏவுகணையின் மூக்கில் பல வெடிமுனைகளை வைத்து ஒவ்வொன்றையும் வெவ்வேறு இலக்குக்கு அனுப்புவது. 2024 மார்ச்சில் அக்னி-5-ல் இந்தியா சோதித்தது இதைத்தான். அமெரிக்கா 1970-லேயே மூன்று முனையுள்ள மினிட்மேன்-3-ஐக் குழிகளில் வைத்துவிட்டு, பேச்சுவார்த்தையில் இதைத் தடை செய்ய ஆர்வம் காட்டவில்லை. சில வருடத்தில் சோவியத்தும் அதைக் கற்றுக்கொண்டது. அவர்களுடைய எஸ்.எஸ்.-18 ராட்சத ஏவுகணை பத்து முனைகளைச் சுமந்தது. அப்படி 308 குழிகள். நம் ஒரு ஏவுகணை எதிரியின் பல குழிகளை அழிக்கும் என்றால், முதலில் அடிப்பவனுக்கு லாபம் என்ற நிலை வந்துவிடுகிறது. அந்தக் காலத்துத் தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன்.

அந்தப் பேச்சுவார்த்தைகளில் ஒரு வேடிக்கை. இரு நாட்டு ஏவுகணை எண்ணிக்கைகளையும் மேசையில் வைத்தது அமெரிக்கத் தரப்பே. சோவியத் எண்கள் உட்பட! ஒருநாள் சோவியத் ஜெனரல் ஒகார்கோவ் அமெரிக்கர் ஒருவரைத் தனியே அழைத்து, எங்கள் ராணுவ விவரங்களை எங்கள் சிவில் அதிகாரிகள் முன்னால் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

ஒப்பந்தத்தால் எண்ணிக்கை உண்மையில் எப்போது குறையத் தொடங்கியது?

1987 டிசம்பர் 8. அன்று ரீகனும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஐ.என்.எஃப். ஒப்பந்தம், 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும் தரைவழி ஏவுகணைகளை அடியோடு ஒழித்தது. 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. அதில் 1,846 சோவியத்துடையவை. அதற்கு முன் எல்லா ஒப்பந்தமும் வளர்ச்சிக்கு வேலி போட்டவை மட்டுமே.

எண்ணிக்கையைவிட முக்கியமானது சரிபார்க்கும் முறை. யூரல் பகுதியின் வோட்கின்ஸ்க் ஏவுகணைத் தொழிற்சாலை வாசலில் அமெரிக்க ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் குடியிருந்து, வெளியே வரும் ரயில் பெட்டிகளை அளந்தார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மேக்னாவில் சோவியத் ஆய்வாளர்கள் அதே வேலையைச் செய்தார்கள். நெடுந்தூர ஆயுதங்களைக் குறைக்கும் 1991-ன் ஸ்டார்ட் ஒப்பந்தம் வந்ததும் அரிசோனாவில் பழைய பி-52 விமானங்களை வெட்டி, ரஷ்யச் செயற்கைக்கோள் பார்த்து உறுதி செய்வதற்காகவே வெயிலில் 90 நாட்கள் போட்டு வைத்தார்கள். எஸ்.எஸ்.-18-கள் பாதியாகக் குறைந்தன. கழற்றிய ரஷ்யக் குண்டுகளின் யுரேனியம் 500 டன்னை நீர்க்கச் செய்து, 1993 முதல் 2013 வரை அமெரிக்க அணு உலைகளில் எரித்தார்கள். சிகாகோவில் விளக்கு எரிந்ததற்கு அந்த நகரத்தைக் குறிவைத்த குண்டே எரிபொருளாகியிருக்கலாம்.

உக்ரைனிடம் அணுகுண்டு இருந்ததா?

அதன் மண்ணில் இருந்தது: சோவியத் உடைந்தபோது சுமார் 1,900 நெடுந்தூர வெடிமுனைகள். ஆனால் ஏவும் குறியீடுகள் மாஸ்கோவின் கையில். 1994 டிசம்பர் 5-ல் புடாபெஸ்டில், ஆயுதத்தைக் கைவிடுவதற்குப் பதிலாக, ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக எழுதிக்கொடுத்தன. 1996-க்குள் எல்லாம் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தன. 2014-ல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. ஆயுதத்தைக் கைவிடச் சொல்லி இனி எந்த நாட்டிடம் பேசப் போனாலும் புடாபெஸ்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்.

தவறுதலாகப் போர் தொடங்க இருந்தது உண்மையா?

பலமுறை. 1979 நவம்பரில் அமெரிக்க எச்சரிக்கை மையத்தின் கணினியில் பயிற்சிக்கான தாக்குதல் காட்சி நிஜம்போல ஓடியது. அடுத்த ஜூனில் பழுதான ஒரு சில்லு ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. 1983 செப்டம்பர் 26-ல் மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு பதுங்கறையில் லெப்டினன்ட் கர்னல் ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவின் திரையில் ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் தெரிந்தன. உண்மையில் மேகத்தில் பட்ட சூரிய ஒளி. ஐந்தை மட்டும் வைத்து யார் போர் தொடங்குவார்கள் என்று யோசித்து, பொய் எச்சரிக்கை என்று மேலே சொன்னார். 1995-ல் நார்வேயின் அறிவியல் ராக்கெட் ஒன்றைப் பார்த்து ரஷ்ய அதிபர் எல்ட்சினின் அணுப் பெட்டியை, அதாவது அணுத் தாக்குதலுக்கு உத்தரவிடும் பெட்டியை, திறந்துவிட்டார்கள். நார்வே முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தது. அது ரேடார்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

சீனா வந்த பிறகு இரண்டு பேர் கணக்கு செல்லுமா?

சிக்கல்தான். சீனாவிடம் இப்போது 600 அளவில் இருக்கிறது. 2030-க்குள் ஆயிரத்தைத் தாண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கணிப்பு. சீனாவையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்கிறது அமெரிக்கா. எங்களைவிடப் பல மடங்கு வைத்திருக்கும் நீங்கள் முதலில் குறையுங்கள் என்கிறது சீனா. பிரிட்டனும் பிரான்சும் வரட்டும் என்கிறது ரஷ்யா. மூன்று பேரும் தங்கள் பக்கத்தில் நியாயமாகத்தான் பேசுகிறார்கள், அதனால்தான் எதுவும் நகரவில்லை.

நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம் போனதால் என்ன நஷ்டம்? செயற்கைக்கோள் இருக்கிறதே?

2010 ஏப்ரலில் பிராக் நகரில் ஒபாமாவும் ரஷ்ய அதிபர் மெத்வதேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. 1,550 வெடிமுனைகள், 700 ஏவுகணைகளும் விமானங்களும் என்று வரம்பு. ஒரே ஒரு முறைதான் நீட்டிக்க முடியும் என்பதால் அதன் ஆயுள் 2026 பிப்ரவரி 5-ஓடு முடிந்தது. ஆனால் உண்மையான இழப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது. நேரடி ஆய்வுகள் 2020 மார்ச்சில் கொரோனா தொற்றுக்காக நின்றவை திரும்பத் தொடங்கவேயில்லை. 2023 பிப்ரவரியில் ரஷ்யா தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது.

செயற்கைக்கோள் குழியைக் காட்டும்; குழிக்குள் இருக்கும் ஏவுகணையின் மூக்கில் ஒரு முனையா, மூன்றா என்று காட்டாது. அதற்காகத்தான் வருடத்துக்கு 18 முறை ஆய்வாளர்கள் நேரில் போனார்கள். மூக்கைத் திறந்து காட்டுவார்கள். முனைகளின் மேல் உறை போட்டிருக்கும், வடிவ ரகசியம் வெளியே தெரியக் கூடாது என்று. உறைகளை எண்ணிவிட்டுத் திரும்பி வருவார்கள். இப்போது அமெரிக்காவின் 400 மினிட்மேன்களிலும் தலைக்கு ஒரு முனை இருக்கிறது; அவற்றில் பலவற்றில் மூன்று வைக்கலாம். ஒவ்வொரு ஒஹையோ கப்பலிலும் ஒப்பந்தத்துக்காக மூடிய நான்கு குழாய்களைத் திரும்பத் திறக்கலாம். ரஷ்யாவின் யார்ஸ் ஏவுகணைகளிலும் இடம் இருக்கிறது. கிடங்கில் முனைகளும் இருக்கின்றன. இரு தரப்பும் ஏற்றினார்களா இல்லையா என்பதை எதிர்த்தரப்பு இனி ஊகிக்க வேண்டியதுதான். 1960-ல் விமானப்படை ஊகித்தபோது வந்த எண் என்ன, படம் வந்தபோது தெரிந்த எண் என்ன என்பதை மேலே பார்த்தோம்.